அட்டைப்பெட்டியின் நேர்மை

தமிழில் ‘மாதிரி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் நிறைய வேலைகளைச் செய்துவருகிறோம். துணிக்கடையில் வெட்டித்தரும் சிறு துண்டும் மாதிரிதான். தேர்வுக்கு முன்பு கையில் கிடைக்கும் வினாத்தாளும் மாதிரிதான். ‘புலி மாதிரி பாய்ந்தான்’ என்னும்போது அச்சொல் உவம உருபாகவே ஆகிவிடுகிறது. பேச்சுத்தமிழில் ‘போல’ என்பதன் இடத்தை ஏறக்குறைய அதுவே பிடித்துக்கொண்டது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கணினித் திரைகளையும் கைப்பேசிச் செயலிகளையும் வடிவமைக்கும் துறைக்குள் இச்சொல் நுழையும்போது ஒரு குழப்பம் நேர்கிறது. வெறும் கலைச்சொல் குழப்பமாக அது நின்றுவிட்டால் அகராதிக்காரர்களிடம் விட்டுவிடலாம். மனிதர்களின் அன்றாட வேலை வரைக்கும் அது போய்ச் சேர்வதால்தான் இலக்கிய வாசகர்கள் முன் அதை வைக்கிறேன்.

ஒரு கருவியை மனிதர் தொட, அது பதில் சொல்ல, அந்தப் பதிலைப் பார்த்து மனிதர் அடுத்ததைச் செய்ய, இவ்வாறு நடக்கும் பரிமாற்றத்தைத் திட்டமிடுவதே ஊடாடல் வடிவமைப்பு. வங்கியின் பணம் வழங்கும் இயந்திரம் முதல் தொடர்வண்டிச் சீட்டு எடுக்கும் செயலி வரை எல்லாவற்றுக்குப் பின்னாலும் இந்த வேலை இருக்கிறது. இத்துறையினர் எதையும் நேரடியாகச் செய்து முடிப்பதில்லை. முதலில் ‘மாக்அப்’ என்ற ஒன்றையும், பிறகு ‘புரோட்டோடைப்’ என்ற ஒன்றையும் செய்து பார்க்கிறார்கள். முன்னது பார்ப்பதற்கு அந்தக் கருவியைப் போலவே இருக்கும். தொட்டால் ஒன்றும் நடக்காது. பின்னது அழகாக இல்லாமற் போகலாம். தொட்டால் ஏதோ ஒன்று நடக்கும். தமிழில் இரண்டையும் ‘மாதிரி’, ‘முன்மாதிரி’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிவருகிறோம். இக்கட்டுரையின் வசதிக்காக முதலாவதைத் தோற்ற மாதிரி என்றும் இரண்டாவதைச் செயல் மாதிரி என்றும் குறிப்பிடுகிறேன்.

இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு படிக்கட்டைக் காட்டுகின்றன. முதலில் கோட்டோவியம், அதன்மேல் தோற்ற மாதிரி, அதன்மேல் செயல் மாதிரி, உச்சியில் முழுமையான பொருள். கீழிருந்து மேலே போகப்போக முழுமை கூடுகிறது, செலவும் கூடுகிறது. வசதியான விளக்கம்தான். ஆனால் இந்தப் படிக்கட்டுப் பார்வையே பல கோளாறுகளுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேற்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதை உள்ளடக்கிவிட்டது என்ற எண்ணத்தை அது தருகிறது. உண்மையில் இவ்விரண்டும் இரண்டு வேறு வினாக்கள். ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றதற்கு விடையாகாது.

இதை விளக்க எனக்குத் தொல்காப்பியத்தின் உவமவியலே கைகொடுக்கிறது. ஒன்று மற்றொன்றைப் போல் இருப்பதற்கு அது நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம் என்பர் உரையாசிரியர்கள். பள்ளிக்கூடத்திலேயே நாம் படித்ததுதான். புலி மறவன் என்றால் வினை, மழைக்கை என்றால் பயன், துடியிடை என்றால் மெய், பவளவாய் என்றால் உரு. பவளத்தைப் போல் சிவந்த வாய் என்று சொன்னவரிடம் போய், பவளத்தை மாலையாகக் கோக்கலாமே, வாயைக் கோக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. எந்த அடிப்படையில் ஒப்புமை சொல்லப்பட்டது என்பது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தெரியும். அந்தத் தெளிவு இருக்கும்வரை உவமை பொய் சொல்வதில்லை.

தோற்ற மாதிரி என்பது மெய்யாலும் உருவாலும் வரும் ஒப்புமை. செயல் மாதிரி வினையாலும் பயனாலும் வருவது. வடிவமைப்புத் துறையினரும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டெஃபனி ஹூட், சார்ல்ஸ் ஹில் ஆகிய இருவர் 1997இல் எழுதிய கட்டுரையொன்று, மாதிரி எதற்கு மாதிரி என்பதையே தன் வினாவாக எடுத்துக்கொண்டது. ஒரு கருவி மனிதர் வாழ்வில் எந்த இடத்தைப் பெறும், அது கண்ணுக்கும் கைக்கும் எப்படி இருக்கும், உள்ளே எப்படி இயங்கும் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மாதிரியும் இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை.

*

இந்த வேறுபாட்டின் உண்மையான கனத்தை உணர ஸ்வீடனுக்குத்தான் போகவேண்டும். 1970களில் ஐரோப்பிய நாளிதழ் அச்சகங்களில் ஈய எழுத்துகள் விடைபெற்று ஒளி அச்சுக்கோப்பு வந்தது. அடுத்து, பக்க அமைப்பையே கணினித் திரையில் செய்துவிடலாம் என்ற நிலை நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லாண்டுகள் பயின்று பெற்ற கைத்திறன் ஒரு தலைமுறைக்குள் செல்லாக்காசாகிவிடும் என்று அச்சுத் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். வருகிற இயந்திரத்தை எதிர்ப்பதோடு நில்லாமல், தங்களுக்கு வேண்டிய இயந்திரத்தைத் தாங்களே வடிவமைத்தால் என்ன என்று வட ஐரோப்பிய அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஆய்வாளர்கள் சிலரும் சேர்ந்து 1981இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் யுட்டோப்பியா. ஸ்வீடிய மொழியில் ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகளால் ஆனது அது. தாமஸ் மோர் 1516இல் நூலாக்கிய இல்லாத தேசத்தின் பெயரும் அதுவே என்பதை அவர்கள் அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆய்வாளர்கள் முதலில் தங்களுக்குத் தெரிந்த வழியில் போனார்கள். தேவைகளைப் பட்டியலிட்டார்கள், வேலை எப்படி ஓடுகிறது என்று கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்தார்கள். அச்சுத் தொழிலாளர்களுக்கு அவை எதையும் சொல்லவில்லை. கையால் அறிந்த ஒன்றைக் கட்டத்துக்குள் தேட அவர்களால் முடியவில்லை. பிறகுதான் அட்டையும் ஒட்டுப்பலகையும் வந்தன. திரையில் தோன்றவேண்டிய படங்களைத் தாளில் வரைந்து சுவரில் மாட்டினார்கள். ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் ஒரு தாளை எடுத்து மற்றொன்றை வைத்தார்கள். ஓர் அட்டைப்பெட்டியின்மேல் ‘மேசை லேசர் அச்சுப்பொறி’ என்று எழுதி ஒரு மூலையில் வைத்தார்கள். அப்பெட்டிக்குள் ஒன்றுமில்லை. அப்படியொரு கருவி பெரும்பாலோர் கண்ணில் பட்டிராத காலம் அது. ஆனால் ஒரு பக்கத்தை முடித்த தொழிலாளி எழுந்து அந்தப் பெட்டியருகே போய், இங்கே மெய்ப்புத்தாள் வந்து விழும் என்று வைத்துக்கொண்டு அடுத்த வேலையைச் செய்யலாம். அச்சகத்தில் யார் எங்கே நிற்பார், எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்பதெல்லாம் அந்த வெற்றுப் பெட்டியைச் சுற்றிப் பேசப்பட்டது.

இத்திட்டத்தில் பங்குகொண்ட பெல்லே ஏன், மார்ட்டென் கிங் இருவரும் 1991இல் வெளிவந்த ஒரு தொகுப்பில் ‘அட்டைக் கணினிகள்’ என்று தொடங்கும் தலைப்பில் இந்த அனுபவத்தை எழுதினார்கள். தோற்ற மாதிரிகள் மலிவானவை, எவரும் மாற்றக்கூடியவை, அவற்றோடு வேலை செய்வது விளையாட்டைப் போல் மகிழ்ச்சி தருவது என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எதிர்பார்க்கக்கூடியவைதாம். என்னைக் கவர்ந்தது வேறொரு காரணம். அட்டைப்பெட்டியை எவரும் அச்சுப்பொறி என்று நம்பி ஏமாற முடியாது. அது தன்னைப் பொய் என்று அறிவித்துக்கொண்டே நிற்கிறது. ஆகவே அதன் முன்னால் நிற்பவருக்குப் பேசும் துணிவு வருகிறது. ‘இது சரிப்படாது’ என்று அட்டையைப் பார்த்துச் சொல்வதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. தன் தொழில் தெரிந்தால் போதும்.

இயங்கும் கருவியின் முன் இந்தத் துணிவு எளிதில் வருவதில்லை. அது பதில் சொல்கிறது; பதில் புரியாதபோது மனிதர் தம்மையே நொந்துகொள்கிறார். ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று எத்தனை பேர் திரையின் முன் முணுமுணுத்திருக்கிறார்கள்! குறை கருவியில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இயங்குகிற எதற்கும் ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. தோற்ற மாதிரியைத் தவிர்த்துவிட்டு நேராகச் செயல் மாதிரிக்குப் போய்விடலாம் என்று சொல்லும் பொறியாளர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அதே சமயம் அட்டைக்கு ஓர் எல்லையும் உண்டு. திரையில் படம் வர அரை நொடி ஆகுமா, ஆறு நொடி ஆகுமா என்று அட்டை சொல்லாது. நாற்பதாவது தடவையாக அதே செயலைச் செய்யும்போது மணிக்கட்டு வலிக்குமா என்பதும் அதற்குத் தெரியாது. யுட்டோப்பியாத் திட்டத்தினரும் தாளோடு நிற்கவில்லை. அவர்களோடு இணைந்து செயல்பட்ட லீபர் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய கருவி அஃப்டன்பிளாடெட் நாளிதழில் சோதித்துப் பார்க்கப்பட்டது. சந்தையில் அது நிலைபெறவில்லை. இன்னொரு குறையும் இருந்தது. அச்சுத் தொழிலாளர்கள் அந்த அட்டைகளைச் சுற்றி நின்றார்கள். செய்தியாளர்களின் சங்கம் அந்த அறையில் இல்லை. யாருடைய வேலை எங்கே முடிகிறது என்ற எல்லைப் பூசல் பின்னால் வந்தபோது, அதற்கான விடை அட்டையில் இருக்கவில்லை. அறைக்குள் இல்லாதவரின் வினாவை எந்த மாதிரியும் கேட்பதில்லை.

‘புரோட்டோடைப்’ என்பதன் கிரேக்க வேர்ச்சொல்லான ‘டைப்பாஸ்’ அடிப்பதால் விழும் தடத்தைக் குறிக்கும். அச்செழுத்தைச் சுட்டும் ‘டைப்’ என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. முதல் தடம் என்பதுதான் புரோட்டோடைப். ‘மாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாவனை செய்தல் என்ற பொருளும் உண்டு, பரிகாசம் செய்தல் என்ற பொருளும் உண்டு. பாவனைக்குப் பரிகாசத்தைத் தாங்கும் சக்தி இருக்க வேண்டும். அச்செழுத்தோடு வாழ்ந்த அந்தத் தொழிலாளர்களிடம் அட்டைப்பெட்டி அப்படித்தான் இருந்தது.

*

அட்டையால் செய்தது தோற்ற மாதிரி, மின்சாரத்தால் இயங்குவது செயல் மாதிரி என்று பொருளை வைத்துப் பிரித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன்.

பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி 1996இல் வெளிவந்தது. அதைச் செய்வதற்கு முன் ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி எடுத்துக்கொண்டார். போகிற இடத்துக்கெல்லாம் அதைக் கொண்டுபோனார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குச்சியால் தட்டிக் குறித்துக்கொள்வதுபோல் செய்தார். பார்த்தவர்கள் சிரித்திருக்கக்கூடும். ஆனால் அவர் கேட்ட கேள்வி இக்கருவி எப்படித் தெரிகிறது என்பதன்று. இதை நாள் முழுவதும் கூடவே வைத்திருப்பேனா, எப்போதெல்லாம் வெளியே எடுப்பேன் என்பதுதான். வெறும் மரக்கட்டை, ஆனால் வினையையும் பயனையும் சோதித்தது. என் கணக்கில் அது செயல் மாதிரி.

இரண்டாவது சான்று ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் கூல்டும் அவருடைய சகாக்களும் செய்து 1983இல் வெளியிட்ட ஆய்வு. பேச்சைக் கேட்டுத் தட்டெழுதும் இயந்திரம் பயன்படுமா என்று அறிய விரும்பினார்கள். அப்படியோர் இயந்திரத்தைச் செய்யும் நுட்பம் அன்று இல்லை. எனவே ஆய்வுக்கு வந்தவர் ஓர் அறையில் ஒலிவாங்கி முன் அமர்ந்து கடிதம் சொல்ல, வேறோர் அறையில் இருந்த தட்டெழுத்தாளர் அதைக் கேட்டு அடிக்க, சொற்கள் திரையில் தோன்றின. இயந்திரத்துக்கு ஆயிரம் சொற்கள் தெரிந்தால் எப்படி, ஐயாயிரம் தெரிந்தால் எப்படி, எல்லையே இல்லாவிட்டால் எப்படி என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சில வடிவங்கள் கையால் எழுதுவதற்கு ஈடாக இருக்கும் என்று, இயந்திரத்தைச் செய்யாமலே அறிந்துகொண்டார்கள்.

திரைக்குப் பின்னால் ஆளை ஒளித்துவைப்பது புதிதன்று. 1770இல் கெம்பெலன் என்பவர் வியன்னா அரசவையில் காட்டிய சதுரங்கம் ஆடும் பொம்மைக்குள்ளும் ஓர் ஆள் ஒளிந்திருந்தார். இரண்டிலும் மறைப்பு ஒன்றுதான். பொம்மை வியக்கவைக்க மறைத்தது. ஐபிஎம் ஆய்வு அறிந்துகொள்ள மறைத்தது, அறிந்ததை அச்சிலும் ஏற்றியது. மாதிரிக்கும் மோசடிக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் இவ்வளவுதான். காட்டுகிறவர் நம்மிடம் ஏதேனும் கேட்கிறாரா, அல்லது நாம் கைதட்டுவதற்காகக் காத்திருக்கிறாரா?

*

நான் பணியாற்றிய ஒரு கல்வி நிறுவனத்தில் சில ஆண்டுகளுக்கு முன் மதிப்பெண் பதிவேற்றுவதற்குப் புதிய கணினி ஏற்பாடு வந்தது. ஆசிரியர்களை ஓர் அரங்கில் அமர்த்தி, வெண்திரையில் படங்களாகக் காட்டினார்கள். மிக நேர்த்தியான படங்கள். மாணவர் பெயர்கள் அகர வரிசையில் அழகாக நின்றன. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் ஒரு மதிப்பெண் இருந்தது. பச்சைநிறப் பொத்தானை அழுத்தினால் நன்றி சொல்லும் அடுத்த படம் வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பாராட்டினார்கள். ஒப்புதல் கையெழுத்தாகியது. ஆசிரியர்கள் பார்த்துவிட்டார்கள் என்று குறிப்பிலும் எழுதப்பட்டது.

பயன்பாட்டுக்கு வந்தபோது தெரிந்தவை வேறு. விடைத்தாள் கட்டு அகர வரிசையில் வருவதில்லை. அது எண் வரிசையில் வரும். ஒவ்வொரு தாளுக்கும் திரையின் நீண்ட பட்டியலில் பெயரைத் தேடவேண்டியிருந்தது. பாதியில் மின்சாரம் போனால் அதுவரை ஏற்றியது எல்லாம் போயிற்று. இவை அலுப்பூட்டும் தொல்லைகள், அவ்வளவே. ஆனால் தேர்வுக்கு வராதவரைக் குறிக்க அங்கே வழியே இல்லை. காட்டப்பட்ட படங்களில் எல்லா மாணவரும் தேர்வு எழுதியிருந்தார்கள் அல்லவா? கட்டத்தை வெறுமையாக விட்டால் பச்சைப் பொத்தான் ஏற்காது. சுழியம் போட்டால் ஏற்கும். அந்தப் பருவத்தில் அம்மைநோயால் படுத்திருந்த ஒரு மாணவியின் பதிவில் எழுதிச் சுழியம் பெற்றவள் என்று ஏறிவிட்டது. அதைத் திருத்த அவளும் அவளுடைய தந்தையும் எத்தனை அலுவலகப் படிகள் ஏறினார்கள் என்பதை நான் அருகிலிருந்து கண்டேன்.

இந்த நிகழ்ச்சியில் யாரும் பொய் சொல்லவில்லை. மெய்யாலும் உருவாலும் வந்த ஒப்புமையைக் காட்டி, வினையாலும் பயனாலும் வரவேண்டிய ஒப்புதலைப் பெற்றுக்கொண்டார்கள். பவளத்தைக் காட்டிவிட்டுப் புலி என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் படங்கள் கரட்டுத்தாளில் பென்சிலால் வரைந்தவையாக இருந்திருந்தால் அரங்கிலேயே ஒருவர் எழுந்து, ‘வராதவருக்கு எங்கே ஐயா இடம்?’ என்று கேட்டிருப்பார் என்பது என் உறுதியான எண்ணம். நேர்த்தி அந்தக் கேள்வியை அடக்கிவிட்டது. அல்லது ஓர் ஆசிரியரிடம் உண்மையான தாள்கட்டு ஒன்றைக் கொடுத்து, இயங்கும் மாதிரியில் ஒரு மணிநேரம் வேலை செய்யச் சொல்லியிருந்தாலும் அது வெளிப்பட்டிருக்கும். அரங்கில் காட்டப்பட்டது இரண்டுக்கும் நடுவில் நின்றது. விமரிசிக்க முடியாத அளவு அழகு. சோதிக்க முடியாத அளவு வெறுமை.

*

இன்று இந்த நடுநிலைப் பொருளைச் செய்வது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. ஃபிக்மா போன்ற கருவிகளில் ஒரே நாளில், முடிந்த செயலியிலிருந்து பிரித்தறிய முடியாத படங்களைச் செய்துவிடலாம். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று வருமாறு கோத்தும்விடலாம். செயற்கை நுண்ணறிவிடம் இரண்டு வாக்கியம் சொன்னால், இயங்குவதாகவே தோன்றும் ஒன்றை நிமிடங்களில் அது தந்துவிடுகிறது. உழைப்பைக் கொண்டு ஒரு பொருள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஊகிக்க முடிந்த காலம் போய்விட்டது. கரட்டுத்தனம் என்பது இனித் தானாக வராது. வேண்டுமென்று வைத்துக்கொண்டால்தான் உண்டு.

ஆகவே தோற்ற மாதிரி, செயல் மாதிரி என்ற வேறுபாடு பழைய பாடநூல் விவகாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதை இனித்தான் கண்டிப்பாகப் பேண வேண்டும். படம் காட்டுகிறவர், ‘இது படம்; இதில் திருத்தச் சொல்லுங்கள்’ என்று முதலில் அறிவிக்க வேண்டும்; படமும் அதைத் தன் தோற்றத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இயங்குவதைக் காட்டுகிறவர், நல்ல நாளின் வேலையை விட்டுவிட்டு, வராத மாணவரும் நின்றுபோகும் மின்சாரமும் உள்ள ஒரு சாதாரண நாளின் வேலையை அதில் செய்யவிட வேண்டும். கையெழுத்திடுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. தான் பார்த்தது மெய்யா வினையா என்று தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும். பொது நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் ‘மாதிரி காட்டப்பட்டது’ என்ற சொற்றொடர் எங்கே வந்தாலும், எந்த மாதிரி, அதை யார் கையால் தொட்டார்கள், எவ்வளவு நேரம் என்று கேட்கும் உரிமை, அக்கருவியோடு வாழப்போகிறவருக்கு இருக்க வேண்டும்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கக்கூடும். ‘போல’ என்ற சொல்லை நம்மைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் யார்? ஒன்று மற்றொன்றைப் போல் இருக்கிறது என்று எவரேனும் சொன்னால், எதனால் போல் இருக்கிறது என்று உடனே கேட்பது நமக்குப் பழகிய பயிற்சி. செய்யுளுக்குப் பொருள் காண மட்டும் அந்தப் பயிற்சியை வைத்திருக்கிறோம். அடுத்த முறை ஓர் அலுவலக அரங்கில் வெண்திரை ஒளிர்ந்து, நேர்த்தியான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அந்தக் கேள்வியை அங்கேயும் கேட்கலாம். ஈய எழுத்து மறையும் காலத்தில் அச்சுத் தொழிலாளர்கள் ஓர் அட்டைப்பெட்டியின் முன் நின்று கேட்டது அதைத்தான்.